துரை அண்ணாந்து பார்த்த ஆட்கள்

மார்ச் 3, திங்கள். இன்றைய தவறு: நாயின் வேட்டைத் திறமை பற்றிய பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வாங்கச் சொன்னேன். குணம் பற்றிய அடுத்த பக்கத்தை இன்றுதான் படித்தேன். 'மனிதர்களிடம் மிகுந்த பாசம் காட்டும்' என்று போட்டிருக்கிறது.

எபனேசர் பேனாவை மூடினான். உத்தமபாளையம் மாலைநேரத் தட்டச்சு வகுப்பில் தினம் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதி வந்து அடிக்க வேண்டும். எழுதுவதற்குத் தவறு கிடைக்காத நாள் அவனுக்கு இதுவரை வாய்த்ததில்லை.

சுருளிப்பட்டிப் பக்கம் அன்னத்தாயின் திராட்சைத் தோட்டத்தில் அவன் மேற்பார்வையாளன். ஒரு மாதமாகப் பந்தலில் குலைகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

"மரநாயேதான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்று தேங்காய் பறிக்கும் பேச்சிமுத்து அடித்துச் சொன்னார்.

எபனேசர் நான்கு நாள் செல்போனில் தேடினான். தடம் பிடித்துப் போய், மிருகத்தை மரத்தில் ஏற்றிவிட்டு, ஆள் வரும்வரை அடியில் நின்று குரைக்கும் அமெரிக்க நாய் இனம் ஒன்று இருந்தது. பிளாட் ஹவுண்ட். கரடிக்கே அஞ்சாதாம். குமுளியில் ஒருவரிடம் கிடைத்தது.

ஜீப்பிலிருந்து இறங்கிய நாயை அன்னத்தாய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். புலிவரி உடம்பு, தொங்கு காது.

"ஏலே, இதுக்கா குமுளி வரைக்கும் போன? இந்த நெறத்துல கம்பம் பஸ் ஸ்டாண்டுல நாலு படுத்துக் கெடக்கு."

"இது அமெரிக்காம்மா."

"அப்ப துரைன்னு கூப்பிடு. ஒரு வாரம் பாப்பேன். மரநாயி மாட்டலைன்னா, துரையும் நீயும் ஒரே ஜீப்புல ஏறிருங்க."

துரை அவள் காலில் சாய்ந்துகொண்டு கையை நக்கியது.

செவ்வாய் காலை, குலை போன இடத்தில் அதைக் கொண்டுபோய் விட்டான். மூக்கு மண்ணில் பட்டதுதான் தாமதம், அது வேறு நாயாகிவிட்டது. நீளமாக ஒரு குரல் எடுத்தது. மலை அதை வாங்கித் திருப்பிச் சொன்னது. எபனேசருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குறுக்கே ஆட்டுமந்தை போனது. துரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முந்தின நாள் தடம், வெயிலும் பனியும் பட்ட தடம், அதற்கு மட்டும் ரோடு போட்டதுபோலத் தெரிந்தது. வாய்க்காலில் நீந்தி, மறுகரையில் மோந்து, விட்ட இடத்தைப் பிடித்தது. கடைசியில் ஒரு தென்னையில் முன்னங்கால்களை ஊன்றி, அண்ணாந்து, வெட்டி வெட்டிக் குரைத்தது.

உச்சியில் பேச்சிமுத்து.

"தம்பி! பிடிச்சுக் கட்டுங்க!"

"கடிக்காதுண்ணே! ரொம்பப் பாசமான நாய்!"

"பாசத்த அங்கன தள்ளி நின்னு காட்டச் சொல்லுங்க!"

பத்து மணிக்குத்தான் அவர் தரைக்கு வந்தார்.

கட்டாமல் விட்டதுதான் தவறு என்று எழுதி வைத்து, புதன்கிழமை கயிறு கட்டி, குலை போன இடத்திலிருந்தே கிளம்பினான். கயிறு அவனையும் வாய்க்காலுக்குள் இழுத்துப் போனது. முள்வேலியைத் தாண்டி, கோயில் வேப்பமரத்தடியில் நிறுத்தியது. மேலே மைக்செட் ஜெபராஜ். திருவிழாவுக்குக் குழாய் கட்டிவிட்டு, கையில் மைக்கோடு சோதித்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ, ஒன், டூ... யாத்தே! ஏய், போ! எபனேசரு! எலேய் எபனேசரு! ஒன் நாயக் கூப்புடுறா!"

குரைப்பும் கெஞ்சலும் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டன. வயலில் நாற்று நட்டவர்கள் நிமிர்ந்து நின்று சிரித்தார்கள்.

ஆள் நடமாட்டம்தான் நாயைக் குழப்புகிறது என்று முடிவுகட்டி, வியாழக்கிழமை விடிந்தவுடனே பந்தலிலிருந்து கிளம்பினான். துரை நேராகக் குடிநீர்த் தொட்டிக்குப் போய் ஏணியில் கால் வைத்தது. தண்ணீர் அளவு பார்க்க மேலே ஏறியிருந்த தொட்டிக்கார நல்லகண்ணுவால் இறங்கி மோட்டாரை நிறுத்த முடியவில்லை. தொட்டி நிறைந்து வழிந்து தெருவெல்லாம் சேறு. குடத்தோடு வந்த பெண்கள் எபனேசரை வைத வசவை நாட்குறிப்பில் எழுத முடியாது.

உயரத்தில் ஆள் இருந்தாலே குரைக்கும் போலிருக்கிறது. சோதித்துப் பார்க்க எபனேசரே மாமரத்தில் ஏறி உட்கார்ந்தான். துரை அடியில் சுருண்டு படுத்துத் தூங்கியது.

'என்னை மட்டும் பொருட்படுத்தவில்லை. காரணம் தெரியவில்லை' என்று குறித்துக்கொண்டான்.

அன்னத்தாய் வந்தாள். "ஊரே சிரிக்குதுடா. மரநாயி பிடிக்க வந்தது மனுசங்கள மேல நிறுத்தி வச்சு வேடிக்க பாக்குது. காலையில ஜீப்பு வரும்."

"வாரம் முடியலையேம்மா?"

"முடிச்சிட்டேன். ரெண்டு பேரும் ஏறிருங்க."

சாயங்காலம் துரை அவன் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தது. எபனேசர் அந்த ஈர மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை பெரிய வித்தைக்காரனுக்குத் தன்னைப் போல ஒரு மேற்பார்வையாளன் வாய்த்தானே என்று நினைத்து அதன் தொங்கு காதை நீவிவிட்டான்.

படல் திறக்கும் சத்தம் கேட்டது. பேச்சிமுத்து, ஜெபராஜ், நல்லகண்ணு மூன்று பேரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தபடி வந்தார்கள். அடிக்க வருகிறார்களோ என்று எபனேசர் எழுந்தான். துரை வாலை ஆட்டிக்கொண்டே போய்ப் பேச்சிமுத்துவின் காலில் சாய்ந்து நின்றது.

பேச்சிமுத்து கைகளைக் கூப்பினார். கும்பிட்டது எபனேசரை அல்ல.

"தம்பி, நாளைக்கு விடிஞ்சதும் நாங்க மூணு பேரும் அம்மாகிட்ட வந்து, திராட்சக் கொலையெல்லாம் பறிச்சது நாங்கதான்னு ஒத்துக்கிடுறோம். அதுக்கப்புறமாவது தொரை எங்களக் கீழ எறங்க விடுவாகளா?"