டி.வி. உறைக்குள் கடைசி ஸ்டேஜ்

நெய்வேலி நகரியத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் ஒரு குறை உண்டு. சுவிட்சைப் போட்டால் கரண்ட் வரும் என்று நம்புவோம். தமிழ்நாடே விசிறியும் கையுமாக வாசலில் உட்கார்ந்திருந்த அந்த வருடங்களில்கூட எங்கள் பிளாக்கில் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அப்பா தெர்மல் பவர் ஸ்டேஷனில் ஷிப்ட் ஆபரேட்டர். அவர் டியூட்டிக்குப் போவார், கரண்ட் வரும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? இந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் எதிர்காலத்தையே கெடுக்கப் பார்த்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது.

கதை நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது தொடங்குகிறது. சித்தப்பா சென்னையிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தார். டி.வி.யோடு இணைத்து, கேசட்டைச் செருகி ஆடுவது. நீலச் சட்டை போட்ட ஒரு குள்ளன் பாறை தாண்டி, வௌவாலுக்குத் தப்பி, எட்டாவது ஸ்டேஜில் ஓர் இரும்பு முதலையைக் கொல்ல வேண்டும். அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் பகலில் வீட்டில் ஒரு கரண்டிகூடக் கீழே விழக்கூடாது. அதனால் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் ஆடுவேன். அந்த விளையாட்டுக்கு இசை உண்டா என்பதே எனக்குத் தெரியாது.

விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் அந்தப் பெட்டியில் கிடையாது. அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். எனவே ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனைப் போட்டுவிட்டு, அம்மா தைத்த பூப்போட்ட உறையை டி.வி.க்கு மாட்டிவிட்டு ஸ்கூலுக்குப் போய்விடுவேன். சாயங்காலம் உறையைத் தூக்கினால் குள்ளன் தூக்கிய காலோடு அப்படியே நிற்பான். (வெளியூர்ப் பையன்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அவர்கள் ஊரில் அவன் ஒரு மணி நேரம் தாங்க மாட்டான், பாவம்.) முதலையை மட்டும் நான் கொன்றதே இல்லை. கடைசியாக அதன் எதிரே போய் நின்றபோது ஒட்டடை அடிக்க வந்த அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

பதினேழு வருடம் கழித்து பரண் சுத்தம் செய்யும்போது அந்தப் பெட்டி கிடைத்தது. தூசியைத் தட்டி டி.வி.யிடம் கொண்டுபோனேன். ஆனால் எங்கள் வீட்டுப் புது டி.வி.யில் அதன் ஒயரைச் செருக இடமில்லை. அப்போதுதான் காடாம்புலியூரில் என் மாமனார் வீட்டு டப்பா டி.வி. ஞாபகம் வந்தது. ஆடி விருந்துக்கு இரண்டு நாள் வரச் சொல்லி அழைப்பும் வந்திருந்தது. விருந்துக்குப் போகிற புது மாப்பிள்ளையின் பையில் பழம், இனிப்பு, வேட்டி இருக்கும். என் பையில் வேட்டிக்கு நடுவே இரும்பு முதலை இருந்தது. மனைவி மஞ்சுளாவிடமும் சொல்லவில்லை.

மாமனாருக்கு முந்திரித் தோப்பு. ஊரில் முதலில் இன்வர்ட்டர் வாங்கியவர்களில் ஒருவர். நான் போய் இறங்கியபோது வீடே பரபரப்பில் இருந்தது. மஞ்சுளாவின் தங்கை சுகன்யாவுக்கு மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்குக் கம்ப்யூட்டரில் வீடியோ இன்டர்வியூ. பெங்களூர்க் கம்பெனி. மூன்று ரவுண்டு தாண்டி இது கடைசி ரவுண்டு. இதில் தேறாவிட்டால் தை மாதம் சொந்தத்தில் ஒருவருக்குக் கல்யாணம் செய்துகொடுப்பது என்று மாமனார் வாக்குக் கொடுத்திருந்தார். சுகன்யா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த ஊரில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கரண்ட் இருக்காது. எனவே எல்லாமே இன்வர்ட்டர் கையில். மாமனார் என்னை அதன் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார்.

"பேட்டரி பழசு. தெர்மல்காரங்க வூட்டுப் புள்ள நீங்க, பார்த்துச் சொல்லுங்க மாப்ள. ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் ஓடுமா?"

நான் மைன்ஸ் ஆபீசில் கான்ட்ராக்டில் டைப் அடிக்கிறவன். இன்வர்ட்டரை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறேன். கரண்ட் போனால் கரண்ட் கொடுக்கும் பெட்டி என்றார்கள். கொடுத்துக்கொண்டே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர்கள் முதுகில் தட்டிப் பார்ப்பதுபோல அதை இரண்டு தட்டுத் தட்டி, "தாராளமா தாங்கும் மாமா" என்றேன்.

மறுநாள் காலை எனக்குக் கொடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அங்கேயே இருந்த டப்பா டி.வி.யோடு பெட்டியை இணைத்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்தேன். (மாமனார் வீட்டில் யாரும் தூங்கவில்லை. ஆனாலும் குறைத்தேன், பழக்கம்.) படம் வந்ததும் முதலில் ஏமாற்றம்தான். அத்தனை பெரிய குள்ளன் என் கட்டைவிரல் அளவுதான் இருந்தான். ஆனால் விரல்களுக்கு எல்லாம் நினைவிருந்தது. எங்கே குதிக்க வேண்டும், எந்தப் பாறை உடையும் என்று மனசு யோசிக்கும் முன்பே விரல் செய்தது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எட்டாவது ஸ்டேஜில் இரும்பு முதலையின் எதிரே இரண்டு உயிர் மிச்சத்தோடு நின்றேன்.

"மாப்ள, எல போட்டாச்சுங்க" என்று அத்தை கூப்பிட்டார்.

பாஸ் போட்டேன். டி.வி.க்கும் பெட்டிக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன், ஒரே சுவிட்ச். டி.வி.யை அணைத்தால் முதலையும் போய்விடும். அத்தை பின்னிய கனமான உறை ஒன்று பக்கத்திலேயே கிடந்தது. அதை எடுத்து மாட்டினேன். பெட்டியை டி.வி.க்குப் பின்னால் தள்ளினேன். வெளியே போய் மனநிறைவோடு பலாக்கொட்டைக் குழம்பு சாப்பிட்டேன்.

சாப்பிடும்போது தலைக்கு மேலே ஃபேன் ஒரு கணம் தயங்கி மறுபடி சுற்றியது. "கரண்ட் போச்சு" என்று மாமனார் எழுந்து, சாத்தியிருந்த என் அறையை மட்டும் விட்டுவிட்டு ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார். சுகன்யாவுக்குச் சார்ஜ் மிச்சம் வைக்க வேண்டுமாம். மிச்சமிருந்த ஒரு ஃபேனை நானே போய் நிறுத்தினேன். "பாத்தியா, நேத்து வந்தவரு. அவருக்கு இருக்கற அக்கறைய பாரு" என்றார் அத்தை மஞ்சுளாவிடம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு மணிக்கு சுகன்யா ஃபைலோடு என் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வீட்டுக் கம்ப்யூட்டர் அந்த அறையில்தான், டி.வி.க்கு இரண்டடி தள்ளி இருந்தது. உறையைத் தூக்கிப் பார்த்துவிடுவாளோ என்பதுதான் அப்போது என் கவலை. மற்றதெல்லாம் தோன்றவே இல்லை.

ஒன்றரைக்கு இன்வர்ட்டர் 'கீக்' என்றது. சற்றுப் பொறுத்து இன்னொரு 'கீக்'.

"அது எதுக்கு மாமா கத்துது?"

"சார்ஜ் எறங்குதுங்க. எப்டின்னுதான் புரியல. வூட்ல ஒண்ணுமே ஓடலியே" என்று மாமனார் எழுந்தார்.

ஓடுகிறது. எது ஓடுகிறது என்பது இந்த வீட்டில் ஒருவனுக்குத்தான் தெரியும். மாமனார் செல்போன் சார்ஜரைப் பிடுங்கினார். சாமி படத்துச் சின்ன பல்பைக் கன்னத்தில் போட்டுக்கொண்டே அணைத்தார். 'கீக்' நிற்கவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு நான் அறைக் கதவைத் தட்டினேன்.

"சுகன்யா, என் சீப்பு உள்ள இருக்கு."

கதவு நான்கு விரல் அளவு திறந்து ஒரு சீப்பு வந்தது. பிறகு கர்ச்சீப் கேட்டேன். கர்ச்சீப் வந்தது. மூன்றாவது முறை தட்டியபோது, "ப்ளீஸ் மாமா, படிச்சிக்கினு இருக்கேன்" என்று என் பையையே வெளியே வைத்துவிட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாலே வார்த்தைதான். ஆனால் மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்திருப்பவன், தட்டிப் பார்த்து உத்தரவாதம் கொடுத்தவன், 'நான் பொம்மை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தேன்' என்று எப்படிச் சொல்வது? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்திலும் மூளையின் ஓர் ஓரம் இரண்டு உயிர் மிச்சமிருக்கிறதே என்று கணக்குப் போட்டது. வெட்கக்கேடு.

இரண்டு மணிக்கு உள்ளே, "குட் ஆஃப்டர்நூன் சார்" என்று சுகன்யாவின் குரல் கேட்டது. இரண்டு மணி மூன்று நிமிடத்துக்கு இன்வர்ட்டர் நீளமாக ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது.

கதவைத் திறந்துகொண்டு வந்த சுகன்யா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "போச்சுப்பா. பேர மட்டுந்தான் சொன்னேன்" என்று சுவரில் சாய்ந்து நின்றாள். "ரூமே அனலா இருந்துச்சு, என்னான்னு தெரில."

அனல் என்றதும் மாமனார் நேராக உள்ளே போனார். கம்ப்யூட்டரைத் தொட்டார், மேஜையைத் தொட்டார், டி.வி. மேல் கையை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். உறையைத் தூக்கினார். பின்னாலிருந்து என் பெட்டியை ஒயரோடு இழுத்து வந்து கூடத்தில் வைத்தார்.

"என்னாங்க மாப்ள இது?"

"கேம் மாமா" என்றேன். "சின்ன வயசுல ஆடினது. கடைசி ஸ்டேஜ். அணைச்சா போயிடும்னு."

மஞ்சுளா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. அதற்குள் சுகன்யாவின் போன் அடித்தது. மூன்று மணிக்குள் மறுபடி இணைந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவோம் என்றது கம்பெனி.

"இவங்க வூட்ல கரண்ட் போவாது" என்றாள் மஞ்சுளா, என் பெயரைக்கூடச் சொல்லப் பிடிக்காமல். "இட்டுக்கினு போகச் சொல்லுங்க."

பைக்கில் சுகன்யாவை ஏற்றிக்கொண்டு நெய்வேலிக்குப் பறந்தேன். வழியெல்லாம் மணல் லாரி. இவள் தை மாதம் தலை குனிந்து மணையில் உட்கார்ந்திருப்பதும், நான் அதற்குப் பந்தி பரிமாறுவதும் கண்ணில் வந்து வந்து போயின. குவார்ட்டர்ஸ் வாசலில் பைக்கை நிறுத்தும்போது மணி இரண்டு ஐம்பத்திரண்டு. கதவைத் திறந்த அம்மா உதட்டில் விரல் வைத்தார்.

அப்பாவுக்கு நைட் ஷிப்ட்.

கம்ப்யூட்டர் இருக்கும் அறையில்தான் அப்பா படுத்திருந்தார். வெறும் உடம்போடு, வாயைத் திறந்துகொண்டு, கேமராவுக்கு நேர் எதிரே. எழுப்ப நேரமில்லை, எழுப்பும் பழக்கமும் எங்கள் குடும்பத்தில் இல்லை. நான் ஒரு போர்வையை எடுத்து இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சுகன்யாவின் முதுகுக்கும் அப்பாவின் கட்டிலுக்கும் நடுவே நின்றேன். இரண்டு ஐம்பத்தெட்டுக்குத் திரையில் மூன்று பேர் வந்தார்கள்.

படத்தை மறைக்கலாம், குறட்டையை எப்படி மறைப்பது? நடுவில் திரையிலிருந்த ஒருவர், பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிறதே என்று கேட்டார். நான் போர்வையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். சுகன்யா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தணிந்த குரலில், பக்கத்தில் தெர்மல் பவர் ஸ்டேஷன் இருக்கிறது சார், இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் என்று இங்கிலீஷில் சொன்னாள். அவர் மரியாதையோடு தலையாட்டினார். நாற்பது நிமிடம் நான் போர்வையோடு நின்றேன். தோள்பட்டை கழன்று விழும்போல இருந்தது. அது நியாயம்தான் என்றும் தோன்றியது.

எட்டு நாளில் வேலைக்கான கடிதம் வந்தது. தை மாதக் கல்யாணம் நின்றது. இரண்டு வருடம் கழித்து, தன் ஆபீசிலேயே தனக்குப் பிடித்தவரைச் சுகன்யா கட்டிக்கொண்டாள். அந்தக் கல்யாணத்தில் ஜெனரேட்டர் பக்கம் போகக்கூடாது என்று எனக்கு மட்டும் தனியாகச் சொல்லப்பட்டது. முதலையைக் கடைசிவரை நான் கொல்லவில்லை. பெட்டியை மாமனார் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது அந்த வீட்டில் சுவரில் மாட்டும் டி.வி. வந்துவிட்டது. அதற்கு உறை கிடையாது. கரண்ட்டும் முன்போலப் போவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை நான் போய் வாசலில் செருப்பைக் கழற்றும்போதும், மாமனார் எழுந்து போய், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை டி.வி. மேல் வைத்துப் பார்ப்பார். வீட்டில் எல்லோரும் காத்திருப்பார்கள். நானும் வாசலிலேயே நிற்பேன்.

"சுடல" என்பார். "உள்ள வாங்க மாப்ள."