பந்து வராத பக்கம்

கோட்டோரத்தார் என்றோர் இனம் உண்டு. நீங்கள் நிச்சயம் கண்டிருப்பீர்கள். உதைபந்தாட்டத் திடலின் சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றை மட்டும் கோட்டுக்கு உள்ளே விட்டு நிற்பார்கள். யாராவது கோலைத் தவறவிட்டால் இவர்களுடைய வலது கால் தானாக மடங்கி, எப்படி அடித்திருக்க வேண்டும் என்று காற்றுக்குப் பாடம் எடுக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் ஆடவே இறங்காதவர்கள். ஆகவே ஆடுகிறவன்தான் கோணல்.

இத்தாலியின் பலர்மோவில் இந்த இனம் வியாழக்கிழமைப் பின்னேரங்களில் வெளிப்படும். வீட்டுவேலைக்காரர்களுக்கு அன்று அரைநாள் ஓய்வு. வீட்டுக்கார அம்மாவான சிஞ்ஞோராவின் நாயை நடத்திவிட்டு, சிஞ்ஞோராவின் தகப்பனாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, ஒரேத்தோ, பிரான்காச்சோப் பகுதிகளிலிருந்து பஸ் பிடித்து, வுச்சீரியாச் சந்தையில் நாகபூசணி அக்காவின் கடைக்கு வந்து சேர்வார்கள். அங்கே அரிசி, கறித்தூள் விலைக்கு. வீடியோ கசெற் வாடகைக்கு. உதைபந்தாட்ட ஞானம் இலவசம். கிழமை முழுவதும் "சீ, சிஞ்ஞோரா", அதாவது "ஓம், அம்மா" என்று தலையாட்டிய மனிதன் ஒரு பின்னேரமாவது யாரையாவது பார்த்து "இல்லை" என்று சொல்ல வேண்டாமா?

இந்த இனத்தின் தலைமகன் ஜெயரட்ணம். அவர் பந்தை உதைத்ததில்லை. அவருடைய மச்சான் ஒருவர் உதைத்திருக்கிறார். அது போதாதா?

தொண்ணூற்றாறாம் ஆண்டு, எங்கள் ஒரேத்தோ அணி இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. ஆடுகிறவர் பதினொரு பேர். தெரிவுக்குழுவில் பதினேழு பேர். நானும் ஒருவன். எங்களுக்கு ஒரே சிக்கல், இடப்பக்கப் பின்காவலுக்கு விமலராஜை இறக்குவதா என்பது. மன்னார்ப் பொடியன், அடுக்குமாடிகளில் படி கழுவுகிறவன், கேட்டால் ஒழியக் கதைக்கமாட்டான். அவனுக்கு முன்பு ஊரில் பயிற்சி கொடுத்த இராஜநாயகம் மாஸ்ரர் ஒரு கசெற்றில் பேசி அனுப்பியிருந்தார். அது கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் பெட்டியில், மிளகாய்த்தூள் பொதிக்கு அடியில் கிடந்து வந்து சேர்ந்தது. கடையிலிருந்த ரேப்றெக்கோடரில் போட்டோம்.

"இவன் நிக்கிற பக்கம் பந்து வராது. என்ரை இருபது வருசத்திலை இவனைப்போலை ஒருத்தனை நான் பழக்கேல்லை. நான் இவன்ரை ஆட்டத்தைப் பாத்து நாலு வருசமாச்சு. அங்கை பாக்கிற ஆராவது, எப்பிடி விளையாடுறானெண்டு ஒரு கசெற்றிலை சொல்லி அனுப்புங்கோ."

மனிதர் கேட்டது அவ்வளவுதான். விமலராஜுக்கு வேண்டியதும் அவ்வளவுதான். "நான் சொன்னாப் பெருமையடிக்கிறனெண்டு நினைப்பார் அண்ணை. பாத்தவை சொல்லோணும்" என்று என்னிடம் தனியாகச் சொன்னான். இறுதியாட்டம் முடிந்த கிழமை, எங்களைப்போல் இங்கே வேலை செய்த கிளறா அக்கா கொழும்புக்குப் போவதாக இருந்தார். அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு யார் போவார், எப்போது போவார், சண்டைக்குள் மன்னாருக்குப் பாதை திறந்திருக்குமா, யாருக்குத் தெரியும்?

ஆனால் கோட்டோரத்தாருக்கு ஒரு புகழ்ச்சி கிடைத்தால் அதைச் சும்மா விடுவார்களா?

"பந்து வராத பக்கத்திலை நானும்தான் நிப்பன். என்னையும் சேருங்கோவன்" என்றார் ஜெயரட்ணம். வராத பந்தை அவன் எப்படித் தடுத்தான் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். எதிர்க்கட்சிக்குத் தலைவர் கோபாலசிங்கம். மாஸ்ரர் பொய் சொல்லவே மாட்டார் என்று அவர் அடித்துச் சொன்னார். மாஸ்ரரை அவர் கண்டதில்லை. அவருடைய மனைவியின் சித்தி மாஸ்ரரின் தங்கையோடு ஒரே வகுப்பில் ஞானோபதேசம் படித்தவராம். இப்படி மூன்று வியாழக்கிழமைகள் போயின. விமலராஜ் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனை ஒருமுறை ஓடிக்காட்டச் சொல்லலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான்காவது வியாழன், அந்த இடத்தில் ஆட இருந்த மற்றவனை அவனுடைய சிஞ்ஞோரா இறுதியாட்ட ஞாயிறன்று ஞானஸ்நான விருந்துக்குக் கோப்பை கழுவ மறித்துவிட்டார். பதினேழு பேர் எட்டாத முடிவை அந்த அம்மாள் ஒரு போனில் எடுத்து முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை திடலுக்கு ரேப்றெக்கோடரையும் தூக்கிக்கொண்டு போனோம். ஏன் என்று கேட்காதீர்கள். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில், மாஸ்ரர் இருபது வருசம் என்றாரா பன்னிரண்டு வருசம் என்றாரா என்று ஜெயரட்ணம் கிளப்பினார். கசெற்றைப் போட்டோம். பற்றரி இறங்கி மாஸ்ரர் கிணற்றுக்குள்ளிருந்து பேசினார். பற்றரிகளைக் கழற்றி வெயிலில் வைத்தோம், உள்ளங்கையில் தேய்த்தோம், ஒருவர் கடித்தும் பார்த்தார். திரும்பப் போட்டபோது நாடா சிக்கி, குடல் வெளியே வந்ததுபோல் வந்துவிட்டது. பேனையைச் செருகி ஒருவர் சுற்ற, ஒருவர் பிடிக்க, பதினைந்து பேர் ஆலோசனை சொன்னோம். முதுகுக்குப் பின்னால் இரண்டு மூன்று தடவை பெரிய கைதட்டல் கேட்டது. சத்தம் போடவேண்டாம் என்று ஜெயரட்ணம் கையை உயர்த்தினார். நாடா சரியாகி, மாஸ்ரர் "இருபது" என்று தெளிவாகச் சொன்ன அதே கணத்தில் கடைசி விசிலும் ஊதியது.

அடுத்த வியாழன் பதில் கசெற் பதிவு. அறுபது நிமிடக் கசெற். தொடங்குமுன் நாகபூசணி அக்கா கறித்தூள் நிறுத்தபடியே ஒன்று கேட்டார்.

"உங்களிலை ஆர் அவன் விளையாடினதைப் பாத்தது?"

பதினேழு பேரும் அரிசி மூட்டைகளைப் பார்த்தோம். பிறகு ஜெயரட்ணம் சுதாரித்துக்கொண்டார். "பாக்கிறது வேறை, விளங்கிறது வேறை" என்றார். ஆடியவர்களிடம் கேட்கலாமே என்று அக்கா சொன்னதற்கு, அவர்கள் ஓடிக்கொண்டிருந்தவர்கள், ஓடுகிறவனுக்கு ஆட்டம் தெரியாது என்று தள்ளிவிட்டார். பதிவு தொடங்கியது. முதல் பக்கம் ஜெயரட்ணம். மறுபக்கம் கோபாலசிங்கம், இடையிடையே ஜெயரட்ணம். நாடா முடியும் தறுவாயில்தான் யாருக்கோ நினைவு வந்து கருவியை விமலராஜின் முன்னால் நகர்த்தினார்கள்.

"மாஸ்ரர், விமலராஜ் கதைக்கிறன்" என்றான். "பந்து முழுக்க என்ரை பக்கம்தான் வந்தது. ஆனா ஒண்டும்..."

டக். நாடா முடிந்துவிட்டது.

"கேட்டியளோ? பந்து வந்ததெண்டு அவனே ஒத்துக்கொண்டிட்டான்" என்றார் ஜெயரட்ணம்.

அன்றிரவே கிளறா அக்கா அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. அந்த "ஒண்டும்" என்பதற்குப் பிறகு என்ன என்று அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாங்கள் ஏற்கெனவே அடுத்த விவாதத்தில் இருந்தோம்.

கோட்டோரத்தாரை நினைத்துச் சிரிக்கிறீர்கள், நல்லது. ஆனால் இவ்வளவு நேரம் வாசித்தீர்களே, அந்த இறுதியாட்டத்தில் யார் வென்றது என்று ஒருதரமாவது நினைத்தீர்களா? வயிற்றைக் கொஞ்சம் உள்ளே இழுங்கள். கோடு தெரியவில்லை.