குளிகை அண்ணை இறுக்கிய நட்டுகள்

கார் பெற்றோலில் ஓடுகிறது என்பதை நம்பாத ஒரே மெக்கானிக் இந்த உலகத்தில் எங்கள் மல்லாவியில்தான் இருக்கிறார். அவரைக் கேட்டால் கார் நல்ல நேரத்தில் ஓடுகிறது, பெற்றோல் சும்மா ஒரு துணைக்கு. அவருக்கு வீட்டார் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. அவருடைய மனைவியே பக்கத்துத் தேநீர்க்கடையில் வந்து, "எங்கட குளிகை இஞ்ச வந்தவரோ?" என்று விசாரித்ததை என் காதால் கேட்டிருக்கிறேன். ஊருக்கும் எனக்கும் அவர் குளிகை அண்ணை.

பஞ்சாங்கம் பார்க்காத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இராகு காலம் போலக் குளிகையும் பகலில் ஒன்றரை மணித்தியாலம் வரும். அந்த நேரத்தில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். அதனால் சனம் அப்போது நகை வாங்கும், பிரேதம் எடுக்காது. உலகம் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டது. அதைக் கார்ச் சில்லு நட்டு வரைக்கும் கொண்டுவந்தவர் குளிகை அண்ணை. குளிகையில் இறுக்கிய நட்டு இளகிக்கொண்டே இருக்கும், திரும்பத் திரும்ப இறுக்க வேண்டிவரும் என்பது அவருடைய கட்சி.

ஒருநாள் தண்ணீரூற்று முஸ்லிம் வியாபாரி, நானா ஒருவர், கொக்கிளாய் மீனை ஏற்றிய கூலர் வாகனத்தோடு குளிகை அண்ணையின் கராஜுக்கு வந்தார். ரயரில் காற்றுப் போயிருந்தது. குளிகை அண்ணை மாற்றுச் சில்லைப் போட்டு, நட்டுகளை விரலால் சுற்றிவிட்டு, ஜக்கை இறக்கினார். இனி ஸ்பனரால் இறுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது பார்த்து மணிக்கூட்டைப் பார்த்தார். குளிகை தொடங்கிவிட்டது. பக்கக் கண்ணாடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். வேலை முடியவில்லை, தொடாதே என்பதற்கு அவரிடம் அதுதான் அடையாளம். கட்டிவிட்டு வாங்கிலில் போய் அமர்ந்துகொண்டார்.

"அண்ணே, ஐஸ் உருகுது. எனக்கு இந்தக் குளிகை கிளிகை ஒண்டும் இல்ல."

"உங்களுக்கு இல்லை நானா. நட்டுக்கு இருக்கு."

 கடைசியில் நட்டு இறுகியபோது மீன் வாடைக்கு அந்தத் தெருவில் ஒரு யன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. ஊர்ப் பூனைகளெல்லாம் கராஜ் வாசலில் கூட்டம் போட்டிருந்தன. இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போன நானா, அடுத்த மாதம் நாலு ரயரையும் மாற்ற அவரிடமே வந்தார்.

ஏன் வந்தார் என்றால், வேலை அப்படி. முக்கியமாக அலோய் சில்லு பூட்டுவதில் அவரை அடிக்க ஆள் இல்லை. அதற்கென்று சரிவான முகமுள்ள நட்டு வேண்டும். இரும்புச் சில்லின் பழைய நட்டைப் போட்டால் பார்வைக்கு இறுகியது போலத் தெரியும், ஓட ஓட இளகும். குளிகை அண்ணை ஒவ்வொரு புது நட்டையும் விரலால் கடைசி மரை வரைக்கும் சுற்றிப் பார்ப்பார். சிக்கினால் தூக்கி எறிந்துவிடுவார். ஒன்றை இறுக்கினால் அடுத்து எதிர்ப்பக்கத்து நட்டுக்குத்தான் போவார். அவர் பூட்டிய சில்லு கழன்றதாக வன்னியில் ஒரு கதை கிடையாது. என் கலியாண நாள் வரைக்கும்.

கலியாணம் ஒரு வெள்ளிக்கிழமை, கிளிநொச்சியில். மாப்பிள்ளைக் கார் என் அத்தானுடையது. வெளிநாட்டில் இருந்து வந்திருந்த அத்தானுக்கு, மைத்துனன் இரும்புச் சில்லில் போய் இறங்குவது பெரிய மானப் பிரச்சினை. கொழும்பில் சொல்லிவைத்த அலோய் சில்லுகள் முதல்நாள் பின்னேரம்தான் பஸ்ஸில் வந்து சேர்ந்தன. காலையில் எழுந்ததும் குளிகை அண்ணையிடம் காரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமைக் குளிகை ஏழரைக்கு. மூன்று சில்லு முடிந்து, நாலாவதான முன்பக்கத்து இடது சில்லின் நட்டுகளை விரலால் சுற்றிக் காரை இறக்கியபோது ஏழரை ஆகிவிட்டது. குளிகை அண்ணை சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். காரை எடுக்க வந்த அத்தான் பார்த்தார். நாலு சில்லும் பளபளவென்று நிலத்தில் நிற்கின்றன. திறப்பு காரிலேயே இருக்கிறது. கண்ணாடியில் சிவப்புத் துணி.

"கண்ணூறு படாமத் துணியும் கட்டி விட்டிருக்கிறான். நல்ல மனுசன்!" என்று வீட்டில் வந்து சொன்னார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. குளிகையில் புறப்படலாம், குற்றமில்லை என்று ஐயரும் சொல்லியிருந்தார். நான் தலைப்பாகையோடு பின்னுக்கு ஏறினேன். பக்கத்தில் அம்மா. அத்தான் காரை எடுத்தார்.

மாங்குளம் றோட்டில் கொஞ்சத் தூரம் போயிருப்போம். என் யன்னலோரம் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அதில் குளிகை அண்ணை. ஒரு கையில் சிலுவை போன்ற பெரிய ஸ்பனர், அதைத் தலைக்கு மேலே சுழற்றுகிறார். கண் இரண்டும் வெளியே விழப்பார்க்கின்றன. வாயை மட்டும் தைத்தது போல இறுக்கி மூடியிருக்கிறார்.

"ஐயோ! என்னத்துக்கு இவன் இரும்போட வாறான்?" அம்மா என் கையைப் பிடித்த பிடியில் காப்பு அழுந்தியது.

"விசர் முத்திட்டுது மாமி. பயப்பிடாதேங்கோ," என்று அத்தான் காரை இன்னும் விரட்டினார்.

 என்ன பகையோ, யாருக்கு என்ன செய்தேனோ என்று பிறந்த நாளில் இருந்து யோசித்துப் பார்த்தேன். அதற்குள் முன்னால் இடப்பக்கத்தில் டக டக என்று ஒரு சத்தம் தொடங்கியது.

"அத்தான், என்ன சத்தம்?"

"றோட்டுச் சரியில்லை."

அது புதிதாகப் போட்ட காபெற் றோட்டு. ஒரு குண்டு குழி இல்லை.

குளிகை அண்ணை ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மாப்பிள்ளை புறப்பட்ட பிறகு பின்னால் கூப்பிடக்கூடாதாம். போனில் அழைக்கலாமே என்றால், அதுவும் பின்னால் கூப்பிடுவதுதானாம். முன்னால் போய் வெறுங்கையோடு மறித்தால் சகுனத் தடை. மனுசனுக்கு மிஞ்சியது ஒரே ஒரு வழிதான். திடீரென்று வாய்க்கால் கரைப் பாதையில் இறங்கி மறைந்துவிட்டார்.

"துலைஞ்சான்," என்றார் அத்தான். அடுத்த வளைவு திரும்பினோம்.

நடு றோட்டில் குளிகை அண்ணை நிற்கிறார். கையில் நிறைகுடம். மாவிலை, தேங்காய், பொட்டு எல்லாம் இருக்கிறது. பின்னால் அன்றைக்குத் திறப்புவிழா வைத்திருந்த கடைக்காரர், "என்ர குடம்! என்ர குடம்!" என்று ஓடி வருகிறார்.

"தம்பி, நிப்பாட்டுங்கோ! நிறைகுடம் எதிர வருது!" அம்மா இரண்டு கையையும் கூப்பினார்.

அத்தான் பிறேக்கை மிதித்தார். கார் நின்றது. சில்லு நிற்கவில்லை. முன்பக்கத்து இடது சில்லு தன்பாட்டில் உருண்டு போய், குடத்தோடு நின்ற குளிகை அண்ணையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, அவருடைய காலடியில் சரிந்தது. கார் ஒரு பக்கம் குத்தி விழுந்தது. தலைப்பாகை என் கண்ணை மூடியது.  கொஞ்சம் முன்னே, நாங்கள் விரட்டிய விரட்டில் அது கழன்றிருந்தால், இன்றைக்கு இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். அதுவும் மரண அறிவித்தல் பக்கத்தில்.

குளிகை அண்ணை குடத்தை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வேலையில் இறங்கினார். ஜக்கை வைத்து, சட்டைப்பையில் கொண்டுவந்த புது நட்டுகளை விரலால் சுற்றி, காரை இறக்கி, ஸ்பனரை மாட்டினார். மணிக்கூட்டைப் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னும் குளிகை முடியேல்லை."

"அண்ணை, விளையாடாதேங்கோ!" அத்தான் அழாத குறை. குளிகை முடியுமட்டும் காத்திருந்தால் கிளிநொச்சிக்குப் போய்ச்சேர முகூர்த்தம் போய்விடும். பிறகு இராகு காலம். அன்றைக்குத் தாலி இல்லை. அங்கே ஒருத்தி கூறைச் சேலைக்குத் தயாராக இருக்கிறாள். 

"தம்பி, குளிகையில இறுக்கினா இது திரும்பத் திரும்ப இளகும்," என்றார். 

"இளகட்டும் அண்ணை. திரும்பத் திரும்ப உங்களிட்டயே கொண்டுவாறன்," என்றேன் நான்.

என் முகத்தைப் பார்த்தார். சரிந்த தலைப்பாகையைப் பார்த்தார். "என்னால ஒரு கலியாணம் நிண்டது எண்டு இருக்கக்கூடாது," என்று சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குளிகையில் நட்டு இறுக்கினார். 

குடத்தோடு நின்ற அம்மா அவரிடம் கேட்டார். "தம்பி, கலியாணமும் திரும்பத் திரும்ப நடக்குமோ?"

"சீச்சீ, இல்லையம்மா. நட்டுக்கு மட்டும்தான்."

தாலி நேரத்துக்கு ஏறியது. அத்தான் திரும்பிப் போகும்போது காரை எனக்கே விட்டுவிட்டுப் போனார். அன்று தொடங்கியது என் கஷ்டகாலம். கோயில் திருவிழாவில் வெளியே வந்தால் காரின் பக்கத்தில் குளிகை அண்ணை ஸ்பனரோடு குந்தியிருப்பார். வேலைக்குப் போனால் கந்தோர் வாசலில் இருப்பார். என் மகள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தால் காருக்கு அடியில் இரண்டு கால் நீட்டிக்கொண்டு கிடந்தது. நான் அலறிவிட்டேன்.

"நான்தான் தம்பி. சும்மா பாத்தனான். ஒண்டும் இளகேல்லை."

எத்தனை தடவை பார்த்தாலும் ஒன்றும் இளகவில்லை. எனக்குச் சந்தோஷம், அவருக்குக் கவலை. போன மாசி மாதம் கராஜுக்குப் போயிருந்தேன். நட்டுகளைப் பார்த்துவிட்டு வாங்கிலில் இருந்தவர் மெல்லக் கேட்டார். "அப்ப குளிகை எண்டது பொய்யோ தம்பி? நான் இவ்வளவு காலமும் சனத்தைச் சும்மா காக்க வைச்சனானோ?" தேநீர் அவருடைய கையில் ஆறிப்போனது. அன்றைக்கு முழுக்க அந்த முகம் என்னை விடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, குளிகை நேரத்தில், அவருடைய கராஜ் மதிலோரம் காரை நிறுத்தினேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முன்பக்கத்து இடது சில்லில் ஒரு நட்டை அரைச்சுற்று இளக்கினேன். பிறகு மெல்ல உருட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

ஸ்பனரை வைத்தவர் துள்ளி எழும்பினார். "பாத்தீரோ! பாத்தீரோ தம்பி! நான் அண்டைக்கே சொன்னனான்!" என்று தேநீர்க்கடை வரைக்கும் கேட்கக் கத்தினார். எனக்கு ஒரு தேநீர், தனக்கு ஒரு தேநீர் என்று ஓடர் கொடுத்தார்.

குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பதை நானும் இப்போது நம்புகிறேன். வருகிற வெள்ளிக்கிழமைக்கும் ஸ்பனரை எடுத்துக் காருக்குள் வைத்துவிட்டேன்.