கினோவாவுக்கு ஒரு ‘போ’

கினோவாவை ஒரே வேளையில் வீட்டை விட்டு விரட்டுவது என்று சபதம் எடுத்தேன். அதன் பேரிலேயே ‘வா’ இருக்கிறது. பதிலுக்கு ஒரு ‘போ’ சொல்லாமல் ஓய்வதில்லை.

நான் தையல்காரன். ஊரார் இடுப்பையெல்லாம் அளப்பவன். என் இடுப்பை என் டேப்பாலேயே அளந்துவிட்டு மனைவி என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள். சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறது, சோற்றைக் குறையுங்கள் என்றார் அவர். அன்று மாலையே, சோற்றுக்குப் பதிலாகக் கினோவா என்ற தானியம் வாங்கிவர அனுப்பிவிட்டாள்.

கடையில் பில் போட்ட பெண் எச்சரித்தாள். நுரை போகிறவரை நன்றாகக் கழுவ வேண்டுமாம். இல்லாவிட்டால் வாயில் வைக்க முடியாத கசப்பாம். அவள் நல்லதற்குத்தான் சொன்னாள். என் கையில் ஆயுதம் கிடைத்துவிட்டது. சபதம் பிறந்தது அங்கேதான்.

வீட்டுக்கு வந்ததும், இன்றைக்குச் சமையல் என்னுடையது என்று அறிவித்தேன். அதுவரை நான் அடுப்படிக்குள் போனதெல்லாம் தண்ணீர் குடிக்க மட்டும். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி ஆச்சரியமே படாமல் சரி என்றாள். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கினோவாவைக் கழுவாமல் அப்படியே பாத்திரத்தில் கொட்டினேன். வெங்காயத்தை எடுத்தபோது, நெடி தாங்காது, பால்கனியில் உட்கார்ந்து நறுக்குங்கள் என்றாள். போய் அழுது அழுது நறுக்கினேன். திரும்பி வந்தபோது பாத்திரம் வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே மட்டும் ஈரமாகத் தெரிந்தது. என் கண்ணில்தான் ஈரம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெங்காயம், கேரட், பட்டாணி எல்லாம் வதக்கி, கினோவாவைப் போட்டு, ஒன்றுக்கு இரண்டாகத் தண்ணீர் ஊற்றி மூடினேன். தண்ணீர் வற்றியதும் திறந்தால், ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரு குட்டி வெள்ளை வால் எட்டிப் பார்த்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் இளகவில்லை.

மனைவி, மகள், நான் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். முகம் சுளிக்கக் கண்ணாடி முன் பயிற்சியே எடுத்திருந்தேன். முதல் வாய் உள்ளே போனதும் சுளித்தேன்.

“ஒரே கசப்பு. நம்ம குடும்பத்துக்கு இது ஒத்துவராது.”

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கு விசாரணையை ஆரம்பித்தது. கசப்பே இல்லை. உதிரி உதிரியாக, பல்லில் பட்டால் லேசாக நறுக்கென்று, வெங்காயத்தின் தித்திப்போடு இறங்கியது. கை என்னிடம் அனுமதி கேட்காமலே மறுபடி கரண்டிக்குப் போனது.

“கசக்குதுன்னு சொன்னீங்க?” என்றாள் மனைவி.

“கசப்பு உடம்புக்கு நல்லதுதானே.”

“அப்பா, மூணாவது தடவை போட்டுக்கறீங்க,” என்றாள் மகள்.

மனைவி தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். “நீங்க பால்கனியில அழுதுட்டிருந்தப்ப நான்தான் கழுவி வச்சேன். மறந்துட்டீங்கபோல.”

போகட்டும் என்று எனக்கு ஒரு வழி விட்டாள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஆமாம், மறந்துவிட்டேன் என்றேன்.

“உங்களுக்கு நல்ல கைப்பக்குவங்க. எனக்குக்கூட உப்பு இப்படி அமையாது. இனிமே சாயங்காலச் சமையலை நீங்களே பாத்துக்குங்க.”

தோற்றவன் கழுத்தில் மாலை விழுந்தால் வேண்டாம் என்றா சொல்வான்? ஏற்றுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், பிடித்தும் போய்விட்டது. ஒரு நாள் எலுமிச்சை பிழிந்தேன். ஒரு நாள் காளான் சேர்த்தேன். மகள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். மாதக் கடைசியில், கடையில் உட்கார்ந்து என் பேண்டின் இடுப்பையே பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கடைக் கடிகாரக்காரர் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்குள் இத்தனை நாள் தூங்கிக்கிடந்த சமையல்காரனை என் மனைவி ஒரே வேளையில் கண்டுபிடித்த கதையை அவரிடம் நீளமாக அளந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“சாயங்கால நீச்சல் வகுப்புக்கு, நீங்க கினோவா வாங்கறதுக்கு முந்தியே அவங்க பேர் குடுத்துட்டாங்களே. கூடப் போக என் சம்சாரத்துக்கும் ஆசை. நாளைக்கு எங்க வீட்டு அடுப்படியில எனக்குப் பரீட்சை.”