கார்ட்டூனுக்குப் போட்ட காவல்

என் மகளை ஜப்பானுக்கு அனுப்புவதில்லை என்று முடிவு கட்டினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டில் நான் எடுத்த எத்தனையோ முடிவுகளில், சொன்னபடி நடந்தது இது ஒன்றுதான். மகள் போகவில்லை. இன்றைக்கும் திருப்பதியில், என் கண்ணெதிரில்தான் இருக்கிறாள். ஜெயித்தவன் நான்தான். ஆனாலும் ராத்திரிச் சமையல் என் தலையில்தான்.

என் பெயர் திருவேங்கடம். பிச்சாட்டூர் பக்கம் சொந்த ஊர். திருப்பதி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறேன். நாட்டில் உள்ள எல்லா ஊர்க்காரர்களையும் ஏற்றி இறக்கியிருக்கிறேன். நான் போன தூரம் மட்டும் சென்னைதான். மனைவி கலைவாணிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவர்களைப் புரட்டிப் போட்டு, உடம்பு துடைத்து, ஊட்டிவிடுகிற வேலை. ஒரே மகள் யமுனா, டிகிரி கடைசி வருஷம்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆள் கிடையாது, வாட்ஸப்தான் உண்டு. ஒருத்தன் பெங்களூரில், ஒருத்தி குவைத்தில், இன்னொருத்தன் எங்கே என்று அவன் அம்மாவுக்கே சரியாகச் சொல்ல வராது. நம் வீடு மட்டும் நிறைந்திருக்கிறதே என்று எனக்கு ஒரு கர்வம். அந்த நேரம் பார்த்துத்தான் யமுனா ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தாள். அந்த நாட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லையாம். மொழியில் தேறினால் வேலை நிச்சயமாம்.

வகுப்பு நடத்தியவர் ஸௌரிராஜன். திருமலைக் கோயில் கைங்கர்யக் குடும்பம். ஜப்பானில் ஒரு கம்பெனியில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். காது பழகினால்தான் நாக்கு பழகும் என்று சொல்லி, தினமும் ஜப்பானியக் கார்ட்டூன் பார்க்கச் சொல்லிவிட்டார். அதிலும் ஐந்து நிமிஷத்தில் முடிகிற சிரிப்புக் கார்ட்டூன்.

முதல் நாள் நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு பையன் கையில் கத்தியோடு கிளம்புகிறான். கூடவே மந்திரம் தெரிந்த ஒரு பெண், கோடரி வைத்துக்கொண்டு ஒரு தடியன். அரக்கராஜாவைக் கொல்லப் போகிறார்களாம். ஊர் எல்லையைத் தாண்டவில்லை, ஜெல்லி மாதிரி ஒரு பூச்சி மோதிப் பையன் மயங்கி விழுந்தான். எழுந்து, யார் வீட்டிலோ கதவைத் தட்டாமல் நுழைந்தான். அங்கிருந்த பானைகளை ஒவ்வொன்றாக உடைத்து உள்ளே காசு இருக்கிறதா என்று தேடினான். அந்த வீட்டுக்காரம்மா வந்து காதைப் பிடித்துத் திருகி, சந்தைக்கு இழுத்துப் போய் அத்தனை பானையையும் வாங்க வைத்தாள். அதோடு முடிந்தது. அரக்கராஜா வரவே இல்லை.

யமுனாவும் கலைவாணியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டர் கேம்களில் வீரன் எந்த வீட்டிலும் நுழைவான், எதையும் உடைப்பான், யாரும் கேட்க மாட்டார்கள், அதைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று யமுனா விளக்கினாள். கலைவாணி எந்தக் கேமும் ஆடியதில்லை. அவள் எதற்குச் சிரித்தாள் என்று நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

நான் யோசித்தது வேறு. சிரிக்கச் சிரிக்கப் பாடம் ஏறிவிடும், பாடம் ஏறினால் பெண் விமானம் ஏறிவிடும். நேராக வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. பெண் ஆசைப்பட்டால் தடுக்கக் கூடாது என்று கலைவாணி முதல் வாரமே சொல்லிவிட்டாள். அவள் சொன்னதை எதிர்த்துப் பேசுகிற பழக்கம் எனக்கு விட்டுப்போய் வெகுகாலமாகிறது. ஆகவே தந்திரம் ஒன்று செய்தேன். அவளையே காவல் போட்டேன்.

"அது கார்ட்டூன் பாக்கும்போது நீ பக்கத்துலயே குந்திக்கினு இரு. பாடமா பாக்குதா, சும்மா சிரிக்கப் பாக்குதான்னு எனக்குச் சொல்லு," என்றேன்.

சாயங்கால நேரத்தில் உட்கார்ந்துகொண்டால் சமையலை யார் பார்ப்பது என்று கேட்டாள். நான் பார்க்கிறேன் என்றேன். பாத்திரம்? அதையும் நானே. துணி? கொஞ்சம் தயங்கி, சரி என்றேன். அவளும் கொஞ்சம் தயங்கி, தெலுங்கில் "சரே" என்றாள். எனக்காக இறங்கி வருகிறாள் என்று மனம் குளிர்ந்தது.

அன்றிலிருந்து சாயங்காலமானால் நான் அடுப்படியில், அவர்கள் இருவரும் கூடத்தில். முதல் மாதம் நான் வைத்த சாம்பாரை எங்கள் தெரு நாய் முகர்ந்து பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனது. இரண்டாவது மாதம் ரசம் வந்தது. மூன்றாவது மாதம் பக்கத்து வீட்டு ரத்னம்மா ஒரு கிண்ணத்தை நீட்டி, கொஞ்சம் கத்தரிக்காய்க் குழம்பு கொடு அண்ணா என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டேன். கலைவாணி தவறாமல் சேதி சொன்னாள். "சும்மா சிரிக்கத்தான் பாக்குது." அவள் சொன்னது முழு உண்மை. யமுனா கார்ட்டூனைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. புத்தகம் எங்கேயோ கிடந்தது.

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். வீட்டில் காவல் போட்டாயிற்று, வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்று கவலை வந்தது. அம்மா பக்கத்தில் இருந்தால் பெண்ணுக்குக் கூச்சமாக இருக்கும், வாய் திறக்காது, மொழி வராது என்று கணக்குப் போட்டேன். கலைவாணியை வகுப்புக்கும் போகச் சொன்னேன். வகுப்பு நேரத்தில் ஆஸ்பத்திரியில் டியூட்டி இருக்கிறதே என்றாள். காலை டியூட்டிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி நான்தான் கெஞ்சினேன். அம்மாவையும் பெண்ணையும் என் ஆட்டோவிலேயே கொண்டுபோய் வகுப்பு வாசலில் இறக்கிவிட்டு, முடிகிற வரை காத்திருந்து கூட்டிவந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் சில மாறுதல்கள் தெரிந்தன. கலைவாணி துணி மடிக்கும்போதும், தலை வாரும்போதும் உதடு மட்டும் அசைந்தது. புரட்டாசி மாதம். பெருமாள் பேரை ஜபிக்கிறாள் என்று நினைத்து நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். அது ஜபம் இல்லை, ஜப்பான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதுபோக, நான் எது சொன்னாலும் "ஹை" என்று தலையை ஆட்ட ஆரம்பித்தாள். கடைக்குப் போய் வருகிறேன் என்றால் ஹை. பால் பொங்கிவிட்டது என்றால் ஹை. நான் பேசுவதைக் கேட்டு இந்த வயதிலும் வியக்கிறாளே என்று உள்ளுக்குள் பூரித்துப் போனேன். ஜப்பான் மொழியில் ஹை என்றால் சரி என்று பிறகுதான் தெரிந்தது.

பரீட்சை நெருங்கியதும் ஸௌரிராஜனைத் தனியாகப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பெண் தேறுமா என்று கேட்டேன். அவர் வருத்தப்பட்டார். யமுனாவுக்குக் கவனம் இல்லை, சத்தியமாகத் தேறாது என்றார். "ஆனா ஒண்ணு, திருவேங்கடம்," என்று மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு ஆட்டோவைக் கிளப்பிவிட்டேன்.

பரீட்சை சென்னையில். கலைவாணியையும் கூட அனுப்பினேன். பரீட்சை நடக்கிற வாசல் வரைக்கும் ஊர்க்கதை பேசிக்கொண்டே போ, படித்தது எல்லாம் மறந்து போகட்டும் என்று சொல்லி அனுப்பினேன். மறக்க விடமாட்டேன் என்றாள். மறக்க விடு என்று திருத்தினேன். ஹை என்றாள்.

யமுனா ஃபெயில். சேதி வந்த அன்று தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தேன். பெண் ஃபெயிலானதற்கு இனிப்புக் கொடுக்கிற தகப்பனைத் தெரு முதல் தடவையாகப் பார்த்தது. யமுனா முகத்தில் சோகமே இல்லை, இரண்டு துண்டு தின்றாள். கலைவாணி நான்கு. கண்ணில் நீர் கட்டியிருந்தது. மகளுக்காக அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஸௌரிராஜன் ஒரு சால்வையோடு வீட்டுக்கே வந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்காத்துக்காரி பரீட்சை எழுதி நன்னாத் தேறிட்டா. இவ்வளவு வேகமாக் கத்துண்டவாளை நான் பார்த்ததில்லை. நீங்க குடுத்த ஒத்தாசைதான் காரணம்."

எங்கள் ஊரில் ஆறும் உண்டு, ஏரியும் உண்டு. ஆத்தங்கரைப் பக்கத்திலிருந்து எந்தப் பெண் இவரிடம் படிக்க வந்தாள் என்று நான் குழம்பி நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய்க் கலைவாணியிடம் சால்வையை நீட்டினார். அவள் இடுப்பு வரை குனிந்து ஏதோ சொன்னாள். அவரும் குனிந்து ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக் கூடத்தில் என் மனைவி பேசியதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை.

அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. யமுனா காலேஜுக்கு நேரமாகிவிட்டது என்று நழுவினாள்.

"பொண்ணை நீ அனுப்பப் பாக்குறன்னு நினைச்சேன். நீ போறதுக்கு வழி பண்ணிக்கினியா?" என்றேன்.

"அதுக்கு ஒரு வாரத்துலயே ஆசை உட்டுப்போச்சு. நீதான் உடல," என்றாள் கலைவாணி. "நீ குந்தச் சொன்னதுக்குத்தான் குந்தினேன். மொதல்ல யமுனா அர்த்தம் சொல்லும், அப்புறம்தான் சிரிப்பேன். ஒரு நாளு அந்தப் பானைக்காரம்மா ஏதோ சொன்னா. யமுனா சொல்றதுக்கு முன்னாடியே நான் சிரிச்சிட்டேன். அதுக்கப்புறம் எனக்கு நிறுத்த மனசு வரல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"யமுனா போவுமா, யமுனா போவுமான்னு வருஷம் பூரா கேட்டே. உனுக்கு இன்னா ஆசைன்னு எங்கிட்ட ஒரு நாளும் கேக்கலியே, யமுனா நைனா."

அவள் குரலை உயர்த்தவில்லை.  பிறகு மெதுவாகச் சொன்னாள். இத்தனை வருஷம் இங்கே பெரியவர்களைப் புரட்டிப் போட்டபோது அதை ஒரு வேலை என்றே யாரும் சொன்னதில்லையாம். அங்கே அதற்குப் படிப்பு உண்டு, பரீட்சை உண்டு, சட்டையில் பெயர் போட்ட பட்டை உண்டு என்று ஸௌரிராஜன் சொன்னாராம். அந்தப் பட்டையை ஒரு தடவை குத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதாம்.

கடைசி ஆயுதமாக, நீ போய்விட்டால் சோறு தண்ணிக்கு நான் என்ன செய்வேன் என்றேன். சொல்லி முடிக்கும் முன்பே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ரத்னம்மா குழம்பு கேட்டுக் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள்.

அந்த வேலைக்கான மிச்சப் பரீட்சைகளும் முடிந்து, விசா வந்து, சங்கராந்திக்குப் பிறகு அவள் கிளம்பினாள். சென்னை விமான நிலையம் வரை என் ஆட்டோவிலேயே போகலாம் என்றேன். வேண்டாம் என்று கார் பிடித்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். கண்ணாடியில் கேட்கவில்லை. தமிழா, தெலுங்கா, ஜப்பானா என்றுகூடத் தெரியவில்லை. நான் ஹை என்றேன்.

இப்போது சாயங்காலங்களில் நானும் யமுனாவும்தான். அந்தக் கார்ட்டூனில் ஒரு பாகம் இருக்கிறது. அரக்கராஜா கோட்டையில் விருந்து சமைத்து வைத்துக்கொண்டு வீரனுக்காகக் காத்திருப்பான். வீரன் வழியில் யாருக்கோ பூனை தேடிக் கொடுத்துக்கொண்டிருப்பான். சமைத்ததெல்லாம் ஆறிப்போகும், அரக்கராஜா அதை மறுபடி சுட வைப்பான். யமுனா சிரித்தாள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கலைவாணி வீடியோவில் வருவாள். நீலச் சட்டை, அதில் பெயர்ப் பட்டை. முகம் தெளிந்திருக்கிறது. அங்கே பனி பெய்கிறதாம், முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர் இவள் வந்தால்தான் வாய் திறந்து சாப்பிடுகிறாராம். முதல் மாதம் நான் முறுக்கிக்கொண்டு நின்றேன். இரண்டாம் மாதம் முறுக்கு தளர்ந்தது. போன வாரம் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன். எனக்கும் ஐம்பத்திரண்டு ஆகிறது, ஆட்டோவை விற்றுவிடுகிறேன், உன் கூட நானும் வந்து இருக்க முடியுமா, உங்கள் இல்லத்து மேடத்திடம் கேட்டுச் சொல் என்றேன்.

இந்த வாரம் பதில் வந்தது.

"கேட்டேன். தாராளமா வரலாம்னாங்க," என்றாள். மனசுக்குள் ஆட்டோவை விற்றே விட்டேன். "உன் வயசு கேட்டாங்க, சொன்னேன். அறுபத்தஞ்சு ஆவட்டும், ஜன்னல் ஓரமா ஒரு பெட்டு போட்டுத் தர்றோம்னு சொன்னாங்க."