அம்மாவுக்கு அளவெடுத்த நாள்

அன்றைக்கு அந்தக் கடைக்குள் இருந்தது அம்மா, நான், அளவெடுக்கும் பெண். வராதவர்கள் இரண்டு பேர். தங்கச்சி மல்லிகாவுக்குப் பீன்யா ஃபேக்டரியில் ஷிப்ட். அப்பா மால் வரைக்கும் வந்தார். கண்ணாடிக்குள் நின்ற பொம்மைகள் போட்டிருந்ததைப் பார்த்ததும், "வண்டிய யாராச்சும் எடுத்துட்டுப் போயிடுவாங்க, நான் பாத்துக்கறேன்" என்று வெளியே திரும்பிவிட்டார். (எங்களிடம் வண்டியே கிடையாது. பஸ்ஸில்தான் வந்திருந்தோம்.)

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். அதனால் இங்கிலீஷ் இருக்கும் இடத்துக்கெல்லாம் என்னைக் கூட்டிப்போவார்கள். பேங்க், ஆஸ்பத்திரி, கேஸ் ஆபீஸ். பிரா வாங்கவும் இங்கிலீஷ் வேண்டியிருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அம்மா பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் சட்டைக் காலர் தைக்கிறாள். கொஞ்ச நாளாக வலது கை மரத்துப்போய், தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. இப்படியே போனால் வேலையை விட்டே நிறுத்திவிடுவார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, பிரா பட்டை அழுத்தித் தோளில் பள்ளம் விழுந்திருக்கிறது என்றார்.

"என்ன சைஸ் போடறீங்க?"

"கடைக்காரரு பாத்துக் குடுப்பாருங்க."

"மொதல்ல அளவெடுத்து நல்லதா வாங்குங்க. மாத்திரையெல்லாம் அப்புறம்."

கடைக்குள் நுழைந்ததுமே எனக்குத் தண்ணீருக்குள் இறங்கின மாதிரி ஆகிவிட்டது. ரோஸ் நிற வெளிச்சம். காலடி கேட்காத கம்பளம். எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு இசை. சுவரெல்லாம் வெளிர் நிறங்களில் தொங்கியவற்றைப் பார்க்கக் கூடாதென்று கூரையைப் பார்த்தேன். கூரையில் கண்ணாடி பதித்திருந்தார்கள். அங்கேயும் அவைதான் மிதந்தன.

அளவெடுக்கும் பெண் வடகிழக்குப் பக்கத்துக்காரி. அவளுக்கு இந்தியும் இங்கிலீஷும். அம்மாவுக்குத் தமிழும் கன்னடமும். நடுவில், போட்டுப் பார்க்கும் இடத்துத் திரைக்கு இந்தப் பக்கம் சுவரைப் பார்த்து நிற்கும் பட்டதாரி நான். அம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, புடவைக்கு மேலேயே டேப்பைச் சுற்றி அளந்து, மூன்றை எடுத்துக் கொடுத்தாள் அந்தப் பெண். அம்மா அவளையும் வெளியே அனுப்பிவிட்டுத் திரையை இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண் பாடம் நடத்துவதுபோல நிதானமாகச் சொல்லச் சொல்ல, நான் கண்ணை மூடிக்கொண்டு தமிழில் சொன்னேன்.

"அம்மா, கீழ்ப்பட்ட சுத்தி ஒரே மட்டமா நிக்கணுமாம். முதுகுல மேல ஏறக்கூடாதாம். பட்டைக்குள்ள ரெண்டு வெரல் போகலாம். கனத்தையெல்லாம் கீழ்ப்பட்டதான் தாங்கணுமாம், தோள் இல்லியாம்."

"மெதுவாச் சொல்லுடா. ஊருக்கே கேக்குது."

"மூச்சு நல்லா விட முடியுதான்னு கேக்கறாங்க."

"உன்ன வெளிய நிக்க வெச்சுக்கிட்டு எங்கருந்து மூச்சு விடறது?"

"நல்லதுன்னா போட்டிருக்கறதே மறந்துபோகணுமாம்மா."



"மறந்துபோறதா? சாயங்காலம் வந்து ஊக்கக் கழட்டுறப்ப ஒரு உசுரு வரும் பாரு. அந்தச் சொகத்துக்காகத்தானடா நாளெல்லாம் போட்டிருக்கறது!"

இதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தன் அம்மாவும் இப்படித்தான் சொல்வாள் என்றாள். உடனே எனக்குள் ஒரு காட்சி. சாயங்காலம். உலகத்து அம்மாக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊக்கைக் கழற்றி நீளமாக ஒரு பெருமூச்சு விடுகிறார்கள். அந்தக் காற்றில் ஓசூர் ரோட்டு மரங்கள் மெல்ல அசைகின்றன, லாரிகள்கூட ஹாரன் அடிக்காமல் ஊர்கின்றன...

"சைஸ் சரியா இருக்கா சார்?" என்று அவள் இங்கிலீஷில் கேட்டிருக்கிறாள். மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நான், அம்மாவைக் கேட்காமலேயே, "பெர்ஃபெக்ட்" என்றேன். மூன்றுக்கும் பில் போட்டுவிட்டாள். என் கார்டையும் தேய்த்தாகிவிட்டது.

அம்மாவுக்கு ரோஷம். "பாதி நான் குடுக்கறேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பி ரவிக்கைக்குள் கைவிட்டாள். முதலில் செல்போன் வந்தது. பிறகு கைக்குட்டை. பிறகு சாவிக்கொத்து. அடியிலிருந்து பர்ஸ்.

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துப்போனது. அளக்கும்போதும் இதெல்லாம் உள்ளேதான் இருந்ததா என்று கேட்கச் சொன்னாள்.

"பின்ன? எடுத்து எங்க வெக்கறது? எவளாச்சும் தூக்கிட்டுப் போனா?"

"போட்டுப் பாக்கறப்பவுமா?"

"ரவிக்க மேலயே போட்டுத்தான் பாத்தேன். கடைக்குள்ள வந்து எவடா ரவிக்கயக் கழட்டுவா?"

கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு பலகை. விற்ற உள்ளாடை திரும்பப் பெறப்படாது. அதையும் நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அன்றைய மொழிபெயர்ப்பில் பிழையில்லாதது அது ஒன்றுதான்.

வீட்டில் அம்மா ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு ரூமு வாடகைக்கு விடலாம் போல" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வந்த மல்லிகா கதையைக் கேட்டுத் தரையில் உருண்டு சிரித்தாள். "ஏண்ணா, பி.காம்ல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, அம்மாவை மறுபடி அதே கடைக்குக் கூட்டிப்போனாள். என்னை வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். இந்த முறை அவளும் திரைக்குள் போனாள். இரண்டு வாங்கி வந்தார்கள்.

ஒரு மாதம் போயிருக்கும். அப்பாவை எதற்கோ திட்டிக்கொண்டே அம்மா பரணிலிருந்து அரிசி டப்பாவை இறக்கினாள். வலது கையால். அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை, திட்டுவதில் மும்முரமாக இருந்தாள். நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காலர் இன்றைக்கும் அவள்தான் தைக்கிறாள்.

இப்போதும் நான் இங்கிலீஷில் எதையாவது படித்து விளக்கப்போனால் போதும், வீட்டில் எல்லோரும் பையிலும் மடியிலும் இருப்பதையெல்லாம் எடுத்துப் பயபக்தியோடு என் முன்னால் வைத்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

பெரியது மூன்று, சரியானது இரண்டு, போக வர பஸ், ஆட்டோ, எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய் ஆனது.