முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு தட்டு

திண்டிவனம்,
ஞாயிறு.

அன்புள்ள மச்சான் சிங்காரம் அவர்களுக்கு,

இங்கு நலம் என்று தொடங்குவதுதான் முறை.  தொடங்கினால் பொய்யாகிவிடும்.  அங்கே எல்லோரும் நலம் என்று நம்புகிறேன், ஏனென்றால் என் மகள் கலைப்பிரியா புதன்கிழமையிலிருந்து உங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறாள்.

உங்கள் தங்கை சூர்யகலா ஒரு மாதிரி சொல்லியிருப்பாள்.  என் பக்கத்தையும் கேளுங்கள்.  அன்றைக்கு நான் இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகளுக்கு டைப் அடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், வாட்ஸ்அப்பில் கலைப்பிரியாவிடமிருந்து முழ நீளத்துக்கு ஒரு செய்தி.  ஒலக்கூர் மாப்பிள்ளை தனக்கு வேண்டாம், பெண் பார்க்க வந்த அன்றே வேலையை விட்டுவிடச் சொன்னார், உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை அப்பா, என்று எழுதியிருந்தாள்.  எழுதட்டும்.  ஆனால் காற்புள்ளிக்குப் பின் இடம் விட ஒரு தட்டு இல்லை, முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு தட்டு இல்லை, அத்தனையும் திருவெண்ணெய்நல்லூர் பஸ்ஸில் ஜனம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது.  பரீட்சையில் இப்படி அடித்தால் பாஸ் போடுவானா?  இதோ, இந்தக் கடிதத்தையே பாருங்கள், எங்காவது இடம் விடாமல் இருக்கிறதா?  கை சும்மா இருக்கவில்லை, எல்லாவற்றையும் திருத்தி, ‘கவனமாக அடிக்கவும்’ என்று திருப்பி அனுப்பினேன்.

‘சரி’ என்று பதில் வந்தது.  புள்ளி இல்லை.  அதையும் கேட்டேன்.  சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பெண் விழுப்புரம் பஸ் ஏறிவிட்டாள்.  சூர்யகலா கேப்பைக் கூழை டொக்கென்று வைத்து, “பொண்ணு அழுதுக்கினே அடிச்சிருக்கா, நீ எடம் வுட்டாளா, புள்ளி வெச்சாளான்னு பாத்துக்கினு கீற.  நீயெல்லாம் மனுஷனாய்யா?” என்று கேட்டவள்தான், அப்புறம் பேச்சே இல்லை.  மாப்பிள்ளையின் அப்பா தேவநாதன் போனில், “இன்னா சார், நிச்சயம் நடக்குமா நடக்காதா?  ஜல்தி சொல்லுங்க, பந்தல்காரன் வந்து குந்திக்கினு கீறான்” என்றார்.  முறைப்படி டைப் அடித்து அனுப்புகிறேன் என்றேன்.  “பேஜாரு புடிச்ச வூடுப்பா” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வைத்துவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், மச்சான்.  அந்தச் செய்திக்கு என்ன பதில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.  தெரிந்ததைச் செய்தேன்.  மகள் சத்தம் இல்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை.

இருந்தாலும் ஊருக்குக் கொடுத்த வார்த்தை இருக்கிறதே.  ஆகவே வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு முன்னால் அவளை நீங்களே கூட்டிவந்து விடவும்.  அழுதாலும் கூட்டிவரவும்.  தாய்மாமன் சீர்த்தட்டையும் மறக்க வேண்டாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னதுகளுக்குப் பெருமுக்கல் மலைக்கோயில் சாமி துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
சக்கரபாணி.

பின்குறிப்பு:கடிதத்தை மடிக்கப் போகும்போது அவளிடமிருந்து செய்தி.‘அப்பா,பிரஷர் மாத்திரை போட்டியா’ என்று மட்டும்.திருத்தவில்லை,மச்சான்.போட்டேன் என்று அடித்தேன்.பிறகு ஒலக்கூருக்குப் போன் போட்டு,பெண்ணுக்கு இஷ்டமில்லை,நிச்சயம் வேண்டாம் என்று வாயாலேயே சொல்லிவிட்டேன்.நீங்கள் அவளைக் கூட்டிவர வேண்டாம்,நானே வருகிறேன்.கடிதத்தையும் கையோடு கொண்டுவந்து தருகிறேன்,மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம்.சூர்யகலா எட்டிப் பார்த்து,“இன்னாய்யா,எடமே வுடாம அடிச்சிக்கினு போற?” என்கிறாள்.கிடக்கட்டும்,விழுப்புரம் பஸ் போய்விடும்.